தீபாவளி ரவிக்கையை வீட்டிலேயே தைப்போமா? அளவெடுப்பதிலிருந்து கொக்கி வரை

தீபாவளிக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கும்போதே தையற்கடைகளில் ‘இனி ஆர்டர் எடுப்பதில்லை’ என்ற அட்டை தொங்கத் தொடங்கிவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா, பினாங்கு லிட்டில் இந்தியா என எங்கே போனாலும் புரட்டாசி பிறந்த பிறகு இதே கதைதான். தோட்டப்புறத்தில் நிலைமை வேறு. முன்பு லயத்துக்கு ஒருவராவது தைக்கத் தெரிந்த அக்கா இருப்பார். மாலையில் அவர் வீட்டு வாசலில் மிதி இயந்திரத்தின் சத்தம் கேட்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்த அக்காக்களும் சிதறிவிட்டார்கள். இயந்திரம் மட்டும் பல வீடுகளில் பூஜாடி வைக்கும் மேசையாக நிற்கிறது.

ரவிக்கையை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. தயங்க வைப்பது தையல் இல்லை, வெட்டுதான். புடவையோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும். அதே நிறம், அதே கரை, அதே நெசவு கடையில் தனியாகக் கிடைக்காது. தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிடலாம். தப்பாக வெட்டியதை என்ன செய்ய முடியும்? ஆகவே, நல்ல துணியில் கத்தரி படுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் இக்கட்டுரை அதிகம் பேசுகிறது.

அளவு ரவிக்கையை அப்படியே நம்பலாமா?

வீட்டில் தைக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்வது, நன்றாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றைத் துணிமேல் விரித்து, சுற்றிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய புடவையின் ரவிக்கைத் துணியை, அம்மாவின் ரவிக்கையை வைத்து வரைந்து வெட்டினேன். கண்ணாடி முன் நின்றபோது குறை எதுவும் தெரியவில்லை. மேடையில் பட்டச் சுருளை வாங்கக் கை நீட்டியபோதுதான் அக்குள் தையல் விட்டது. அன்று முழுக்க ஊசிக்கொக்கியும் முந்தானையும்தான் மானத்தைக் காத்தன.

காரணம் பிறகுதான் புரிந்தது. தைத்து முடித்த ரவிக்கை தட்டையாக இருப்பதில்லை. அதில் டாட் என்று தையற்காரர்கள் சொல்லும் கூம்பு மடிப்புகள் பிடித்திருக்கும். மடிப்புக்குள் போன துணி, மேசைமேல் விரிக்கும்போது கணக்கில் வராது. கைக்குழியின் முன்வளைவும் பின்வளைவும் ஒரே மாதிரி இருக்காது, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்போது ஒரே கோடாகத் தெரியும். போதாததற்கு, உடுத்தி உடுத்தி அந்தத் துணி உடம்புக்கு ஏற்றபடி இழுபட்டிருக்கும். பழைய ரவிக்கையிலிருந்து உயரம், கை நீளம், கழுத்து இறக்கம் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் உடம்பிலிருந்தே எடுக்க வேண்டும்.

அனுபவமுள்ள தையற்காரர்கள் அளவு ரவிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு நன்றாகத் தைத்துத் தருகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். டாட்டுக்குள் எவ்வளவு துணி போயிருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே கணக்கிடும் பழக்கம் அவர்கள் கையில் இருக்கிறது. புதிதாகத் தைப்பவருக்கு அது வர நாளாகும்.

உடம்பில் எடுக்கும் அளவுகள்

தனக்குத் தானே அளவெடுத்தால் சரியாக வராது. கை உயர்ந்தால் தோள் உயரும், குனிந்து பார்த்தால் மார்பளவு மாறும். வீட்டில் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். ரவிக்கைக்கு உள்ளே எந்த உள்ளாடை அணிவீர்களோ அதையே அணிந்திருக்க வேண்டும். உள்ளாடை மாறினால் மார்புச் சுற்றளவும் மாறும், டாட் முடியும் இடமும் மாறும்.

தோள் அகலத்தை முதுகுப் பக்கம், ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனை வரை அளக்க வேண்டும். மார்புச் சுற்றளவு மார்பின் நிறைந்த பகுதியில். ரவிக்கை முடியும் இடத்தில் கீழ்ச் சுற்றளவு. இதைச் சிலர் இடுப்பளவு என்று சொல்லி, பாவாடை கட்டும் இடத்தில் அளந்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. தோள்பட்டையும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து மார்பின் உச்சி வரை உள்ள நீளத்துக்கு டாட் பாயிண்ட் என்று பெயர். இரண்டு உச்சிகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கை: நீளம், கை முடியும் இடத்தின் சுற்றளவு, புஜத்தின் பருமனான பகுதி, தோளையும் அக்குளையும் சுற்றி வரும் கைக்குழிச் சுற்றளவு. கடைசியாகக் கழுத்து இறக்கம், முன்னும் பின்னும்.

இன்ச் டேப் இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. சிலர் இரண்டு விரலை உள்ளே விட்டு அளப்பார்கள். அப்படி அளந்துவிட்டு, வரையும்போது மறுபடியும் ‘லூஸ்’ சேர்த்தால் ரவிக்கை சட்டைபோல் தொளதொளவென்று ஆகிவிடும். உடம்பை ஒட்டி அளந்து, லூஸைத் தாளில் சேர்ப்பதே குழப்பம் இல்லாத வழி.

மாஜோங் தாளில் வரைதல்

பள்ளியில் குழு வேலைக்குப் பயன்படுத்திய மாஜோங் தாள் நினைவிருக்கும். புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அந்த அகலமான தாள் இதற்கு மிகப் பொருத்தம். அது இல்லாவிட்டால் பழைய நாளிதழ் போதும், மை துணியில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்கள் இல்லாமல் சொன்னால் புரியாது என்பதால் ஓர் உதாரணம். மார்பு 36 அங்குலம், கீழ்ச் சுற்றளவு 30, தோள் 14, பின்பக்க உயரம் 14½, டாட் பாயிண்ட் 10, இரு உச்சிகளின் இடைவெளி 7½, கைக்குழி 15. உங்கள் அளவு எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.

முதலில் பின்பக்கம். தாளை இரண்டாக மடித்து, மடிப்பு முதுகின் நடுவே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 14½ குறியுங்கள். மேலே, மடிப்பிலிருந்து தோளில் பாதி 7 அங்குலம். அதில் முதல் 3 அங்குலம் கழுத்துக்குப் போகும், மீதி 4 தோள்பட்டை. தோள் முனையை அரை அங்குலம் கீழே இறக்கிச் சாய்வாகக் கோடு போட வேண்டும், யாருடைய தோளும் மேசைபோல் மட்டமாக இருப்பதில்லை. பின்கழுத்தை ஆழமாக இறக்குவதானால் கழுத்து அகலத்தை 2½ அங்குலமாகக் குறைத்துவிடுங்கள். அகலமும் ஆழமும் சேர்ந்தால் தோளை விட்டு நழுவும்.

மார்பு வரியில் 36-ஐ நான்கால் வகுத்தால் 9. லூஸ் அரை அங்குலம் சேர்த்து 9½. கீழே 30-ஐ நான்கால் வகுத்தால் 7½, கால் அங்குலம் லூஸ் சேர்த்து 7¾. மேலே 9½, கீழே 7¾, நடுவே 1¾ அங்குலம் மிச்சம். இந்த மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் ரவிக்கையின் முழு வித்தையும். எல்லாவற்றையும் பக்கத் தையலிலேயே சரித்துவிட்டால் ரவிக்கை புனல்போல் ஆகும். பக்கத்தில் முக்கால் அங்குலம் சரித்து, ஓர் அங்குலத்தை டாட்டில் பிடிக்க வேண்டும்.

முன்பக்கமும் இதே எண்கள்தாம், இரண்டு வேறுபாடுகளோடு. துணி மார்பின் மேடு ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முன்பக்கத்தின் கீழ்க்கோட்டை ஓர் அங்குலம் இறக்கி வரைய வேண்டும். அதனால் முன்பக்கத்தின் பக்கக்கோடு பின்பக்கத்தைவிட ஓர் அங்குலம் நீண்டுவிடும். அந்த ஓர் அங்குலத்தை அக்குளுக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு பக்கவாட்டு டாட்டாகப் பிடித்தால் இரண்டும் சமமாகிவிடும். கீழ் டாட், நடுக்கோட்டிலிருந்து 3¾ அங்குலத் தூரத்தில், அதாவது 7½-இல் பாதியில் அமையும். இரண்டு டாட்டுகளும் உச்சியை நோக்கிப் போக வேண்டும், உச்சியைத் தொடக் கூடாது. கீழ் டாட் ஓர் அங்குலத்துக்கு முன்பாகவும், பக்க டாட் ஒன்றரை அங்குலத்துக்கு முன்பாகவும் நின்றுவிட வேண்டும். உச்சி வரை கொண்டுபோனால் அங்கே கூராகத் துருத்தும்.

மார்பு நிறைந்த உடலமைப்பு உள்ளவர்கள், மார்பு வரியில் பின்பக்கம் கால் அங்குலம் குறைத்து முன்பக்கம் கால் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். சுற்றளவு மாறாது, துணி தேவைப்படும் இடத்துக்குப் போகும்.

தையற்காரர்கள் முன்பக்கத்தைத் துணியின் குறுக்குவாட்டில் வைத்து வெட்டும் ‘கிராஸ் கட்டிங்’ உடம்பில் அழகாகப் படியும். ஆனால் அத்துணி கையில் நிற்காது, இழுத்தால் நீளும். முதல் இரண்டு மூன்று ரவிக்கைகளை நேர் கட்டிங்கிலேயே தைத்துப் பழகுங்கள்.

கைக்குழி: பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது

வீட்டில் தைத்த ரவிக்கைகளில் நான் பார்த்த குறைகளில் பாதிக்குமேல் இந்த ஓர் இடத்தில்தான். கைக்குழியின் ஆழத்துக்கு மார்பளவை ஆறால் வகுத்து அரை அங்குலம் கூட்டித் தொடங்கலாம். 36-க்கு 6½ அங்குலம். தோள் முனையிலிருந்து நேராக இறங்கி, கடைசி இரண்டரை அங்குலத்தில் மார்பு வரியை நோக்கி வளைய வேண்டும். முன்பக்க வளைவை அரை அங்குலம் கூடுதலாக உள்ளே குடைந்து வரையுங்கள். கை முன்னோக்கித்தான் அதிகம் நகர்கிறது, அக்குளின் முன்பக்கத்தில் துணி தேங்கினால் மடிந்து உறுத்தும்.

வரைந்ததும் இன்ச் டேப்பை நிமிர்த்திப் பிடித்து, வளைவின்மேலேயே ஓடவிட்டு அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் சேர்ந்து, உடம்பில் எடுத்த அளவைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். உடம்பில் 15 என்றால் தாளில் 16. தாளில் 15½தான் வருகிறதென்றால், அக்குளைக் கால் அங்குலம் இறக்கிச் சரிசெய்யுங்கள்.

இங்கேதான் ஆசை வந்துவிடும். ‘இன்னும் கொஞ்சம் இறக்கினால் கை தாராளமாக இருக்குமே’ என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கைக்குழி கீழே போகப் போக, கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் கூடவே மேலே ஏறும். அக்குளுக்கு நெருக்கமாக அமைந்த கைக்குழிதான் கையைத் தனியாக அசைய விடும். எனக்கு மேடையில் தையல் விட்டதும் இதனால்தான். இறுக்கமாக இருக்கிறதே என்று முதல் நாள் இரவு அக்குளை மேலும் குடைந்திருந்தேன்.

கைத்துண்டின் மேல்வளைவுக்கு 3½ அங்குல உயரத்தில் தொடங்குங்கள். அகலம், புஜச் சுற்றளவோடு ஓர் அங்குலம் கூடுதல். வளைவின் நீளம் கைக்குழியைவிட அரை அங்குலம் கூடுதலாக வர வேண்டும். அந்த அரை அங்குலத்தைத் தைக்கும்போது மேல்பகுதியில் மெல்லச் சுருக்கி உட்காரவைத்தால் தோள் உருண்டையாக அமையும். நீளம் போதாவிட்டால் கை அகலத்தைக் கால் கால் அங்குலமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உயரத்தைக் கூட்டினாலும் நீளம் வந்துவிடும், ஆனால் உயரமான வளைவு கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மட்டுமே அழகு. தீபாவளியன்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு உதவாது.

கைத்துண்டிலும் முன்பக்க வளைவை அரை அங்குலம் குடைய வேண்டும். குடைந்த பக்கத்தில் ஒரு சிறு வெட்டு அடையாளம் போட்டுவிடுங்கள். இரண்டு கைகளையும் துணியின் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி மடித்துச் சேர்த்தே வெட்டுங்கள். தனித்தனியாக வெட்டி, இரண்டும் இடக் கையாகவே வந்து நின்ற கதை எங்கள் வீட்டிலேயே உண்டு.

எவ்வளவு துணி உள்ளே விடுவது?

இதுவரை வரைந்தது தையல் ஓடும் கோடு. வெட்டும் கோடு அதற்கு வெளியே. தோளுக்கும் கைக்குழிக்கும் அரை அங்குலம், கழுத்துக்குக் கால் அங்குலம், கீழ்மடிப்புக்கு ஓர் அங்குலம். பக்கத் தையலுக்கு மட்டும் ஒன்றரை அங்குலம் விடுங்கள், கைத்துண்டின் பக்கங்களுக்கும் அப்படியே.

அந்த ஒன்றரை அங்குலம் பெரிய சேமிப்பு. பக்கத் தையலைக் கால் அங்குலம் விட்டுக்கொடுத்தால், இரண்டு பக்கமும் முன்பின் சேர்ந்து சுற்றளவில் ஓர் அங்குலம் கூடிவிடும். பிள்ளை பெற்ற பிறகும், வயது ஏறிய பிறகும், அம்மாவின் கல்யாண ரவிக்கையை மகள் அணிய ஆசைப்படும்போதும் கைகொடுப்பது இதுதான். பழைய தையற்காரர்கள் இரண்டு அங்குலம்கூட விட்டுவைப்பார்கள். எங்கள் பெரியம்மா, கடையில் தைத்து வந்த ரவிக்கையை முதலில் உள்ளே புரட்டிப் பார்ப்பார். துணி விட்டிருந்தால்தான் அந்தக் கடைக்கு மறுபடியும் போவார்.

பழைய கைலியில் ஒரு ஒத்திகை

தாளை வெட்டியதும் நேரே பட்டுத் துணிக்குப் போகாதீர்கள். பழைய கைலியோ மெத்தை விரிப்போ வீட்டில் கட்டாயம் இருக்கும். அதில் முதலில் வெட்டி, இயந்திரத்தில் தையல் நீளத்தை 4 அல்லது 5 மில்லிமீட்டராக வைத்துத் தைத்துவிடுங்கள். பிரிப்பது எளிது. கொக்கி, கழுத்துப் பட்டி எதுவும் வேண்டாம், முன்பக்கத்தை ஊசிக்கொக்கியால் சேர்த்தால் போதும். ஒரு மாலைப் பொழுது போகும். நேரம் வீண் என்று தோன்றினால் ரவிக்கைத் துணியின் விலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அணிந்துகொண்டு கண்ணாடி முன் நிற்பது மட்டும் போதாது. இரண்டு கைகளையும் தூக்கிக் கூந்தலைக் கட்டிப் பாருங்கள். குனிந்து கோலம் போடுவதுபோல் உட்காருங்கள். பிறகு சுருக்கங்களைக் கவனியுங்கள். எங்கே குறை என்று துணியே சொல்லும்.

முன்பக்கம் சேரும் இடத்தில் குறுக்காக இழுத்த கோடுகள் தெரிந்தால் மார்பு இறுக்கம், பக்கத் தையலை விட்டுக்கொடுங்கள். அக்குளிலிருந்து உச்சியை நோக்கிச் சாய்வாகக் கோடு ஓடினால் பக்க டாட் போதவில்லை என்று பொருள். டாட்டைக் கால் அங்குலம் அகலப்படுத்தி, முன்பக்கத்தின் கீழ்க்கோட்டையும் அதே அளவு நீட்ட வேண்டும். கைக்குழியின் முன்பக்கம் உடம்பை விட்டு விலகி நின்றால், அந்த இடத்தில் மிஞ்சும் துணியைக் கிள்ளிப் பிடித்து ஊசி குத்துங்கள். பெரும்பாலும் அரை அங்குலத்துக்குள் இருக்கும், அதுவே கைக்குழி டாட். கடையில் தைத்த ரவிக்கைகளில் பார்க்கும் மூன்றாவது டாட்டின் வேலை இதுதான்.

பின்கழுத்துக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு தேங்கினால், உங்கள் தோள் நீங்கள் வரைந்ததைவிட மட்டமானது. தோள் முனையைக் கால் அங்குலம் உயர்த்தி வரையுங்கள். தோள் நழுவினால் கழுத்து அகலத்தைக் குறைக்க வேண்டும். டாட் முனையில் சிறு குமிழ்போல் துருத்தினால் அளவில் தவறில்லை, தையலில்தான். கடைசி அரை அங்குலத்தை ஒன்றுமில்லாத அளவுக்கு மெலிதாகக் கொண்டுபோய் முடிக்க வேண்டும். அங்கே பின்தையல் போடாமல் நூலை நீளமாக விட்டு முடிச்சுப் போடுங்கள்.

ஒவ்வொரு திருத்தத்தையும் உடனே மாஜோங் தாளில் சிவப்புப் பேனாவால் வரைந்துவிடுங்கள். கைலியைத் தூக்கிப் போட்டுவிடுவோம், இருக்கப் போவது தாள்தான்.

நல்ல துணியை மேசைமேல் விரிக்கும்போது

உள்ளே கொடுக்கும் பருத்தி லைனிங் துணியை முந்தைய நாளே தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். பருத்தி சுருங்கும், பட்டும் பாலியெஸ்டரும் அந்த அளவுக்குச் சுருங்கா. நனைக்காமல் தைத்தால் முதல் சலவைக்குப் பிறகு வெளித்துணி கொப்புளம்போல் தொங்கும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் லைனிங் பருத்தியாக இருப்பதே நல்லது, மலிவு என்று பாலியெஸ்டர் வாங்கினால் கோவிலில் அரை மணி நேரம் நிற்க முடியாது. பழகுவதற்கு லைனிங் வேண்டாத ‘டூ பை டூ’ பருத்தித் துணியே போதும். கரையில்லாத நிறங்களில் அது துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

கரை உள்ள துணியில் முதலில் கைகளுக்கு இடம் ஒதுக்குங்கள். கரை கைமுனையில் வர வேண்டும், இரண்டு கையிலும் ஒரே உயரத்தில். பிறகு பின்பக்கம், பிறகு முன்பக்கம். பட்டில் குண்டூசி குத்தினால் துளை தங்கிவிடும், ஆகவே உள்ளே போகும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள். சாக்குக்கட்டியின் தடம் போகிறதா என்று ஒரு மூலையில் சோதித்துவிட்டு வரையுங்கள். கழுத்தை மட்டும் கோட்டுக்கு அரை அங்குலம் மேலேயே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தோள் சேர்த்த பிறகு அணிந்து பார்த்து, வேண்டிய அளவுக்கு இறக்கலாம். இறக்கிய கழுத்தை ஏற்ற வழியில்லை.

தைக்கும் வரிசை

வெளித்துணியையும் லைனிங்கையும் கையால் நீளமான ஓட்டுத் தையல் போட்டு இணைத்து, ஒரே துணியாகக் கொள்ளுங்கள். முதலில் டாட்டுகள். கீழ் டாட்டை நடுப்பக்கம் சாய்த்தும், பக்க டாட்டைக் கீழ்நோக்கியும் இஸ்திரி போட வேண்டும். தையலுக்குத் தையல் இஸ்திரி போடும் இந்தப் பழக்கம்தான் கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி. பட்டுக்கு மிதமான சூடு, மேலே ஒரு மெல்லிய துணி.

பிறகு முன்பக்கப் பட்டிகள். ஒன்று முழுவதும் உள்ளே மடங்கிக் கொக்கிகளைத் தாங்கும், மற்றொன்று முக்கால் அங்குலம் வெளியே நீண்டு கண்ணிகளைத் தாங்கும். எது எந்தப் பக்கம் என்பதற்கு, நீங்கள் அணிந்து பழகிய ரவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து தோள்கள். கழுத்துக்கு, லைனிங் மிச்சத்தில் 45 பாகைச் சாய்வில் ஒன்றேகால் அங்குல அகலத்துக்கு வெட்டிய கிராஸ் பட்டி. நேராக வெட்டிய பட்டி வளைவில் மடங்காது, சுருக்கம் விழும். பட்டியை வைத்துத் தைத்த பிறகு, வளைவு நெடுக ஓரத்தில் சிறு வெட்டுகள் கொடுத்து உள்ளே திருப்பி, கையால் ஹெம்மிங் செய்தால் வெளியே தையல் தெரியாது.

கைகளைப் பக்கம் திறந்திருக்கும்போதே தட்டையாக வைத்துப் பொருத்துங்கள். கடைசியாக, கைமுனையில் தொடங்கி அக்குள் வழியாகக் கீழ் விளிம்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். இந்த வரிசையில் தைத்தால், பின்னால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ அந்த ஒரு தையலைப் பிரித்தால் போதும். துருப்பிடிக்கும் மலிவான கொக்கிகள் வியர்வையில் கறை விடும், பட்டில் பட்டால் போகாது. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பழைய இயந்திரம் ஓடுமா?

ஓடும். தவணைக்கு வாங்கிய அந்தக் கறுப்பு மிதி இயந்திரங்கள் நேர்த்தையல் போடுவதில் இன்றைய மின் இயந்திரங்களுக்குச் சளைத்தவை அல்ல. தூசி தட்டி, தையல் இயந்திர எண்ணெயை மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் உள்ளே பிசினாக இறுகி, சக்கரத்தையே நிறுத்திவிடும். ஊசி வாங்கும்போது வீட்டு இயந்திர ஊசி என்று கேளுங்கள், அதன் தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்கூட இயந்திர ஊசியின் தண்டு முழுக்க உருண்டை, மாற்றிப் போட்டால் தையல் விட்டு விட்டு விழும். பட்டுக்கு 11-ஆம் எண், பருத்திக்கு 14-ஆம் எண். மேலே தையல் நன்றாக இருந்து அடியில் நூல் கூடுகட்டினால், பாபினைத் திட்டாமல் மேல்நூலை எடுத்து மறுபடியும் கோத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தவறியிருக்கும்.

பார்த்துப் பழக விரும்புவோருக்கு கியாட்மாராவிலும் சமூகக் கல்லூரிகளிலும் தையல் பயிற்சிகள் உண்டு. சமூகக் கல்லூரிகள் வார இறுதிக் குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்துகின்றன. அங்கே பெரும்பாலும் பாஜு கூரோங்கும் பொது உடைகளும்தான் கற்றுத் தருவார்கள், ரவிக்கைக்குத் தனிப் பாடம் இருக்குமா என்று சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் இயந்திரத்தைக் கையாளவும் தாளில் வரையவும் அங்கே பழகிக்கொண்டால், மேலே சொன்ன கணக்கு எளிதாகிவிடும்.

ரவிக்கை முடிந்ததும் மாஜோங் தாளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடித்த இடத்தில் அளவு மாறும். மேலே பெயர், தேதி, மார்பளவு மூன்றையும் எழுதிவிடுங்கள். அடுத்த தீபாவளிக்கு அந்தத் தாளை விரிக்குமுன் மார்பையும் புஜத்தையும் மட்டும் மறுபடியும் அளந்துகொள்ளுங்கள். ஓர் ஆண்டில் மாறுவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.